அப்பாவின் நாடி சொல்லாத செய்தி

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 68 என்று தாதி எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. டெங்குக் காய்ச்சல் விட்டு ஆறு மணிநேரம் ஆகியிருந்தது. வாய்க்கசப்புக் குறைந்திருக்கிறது, கஞ்சி குடிக்கலாம் போலிருக்கிறது என்று அப்பா சொன்னார். நாளை மறுநாள் வீட்டுக்கு வந்துவிடுவோம் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

பத்து நிமிடம் கழித்து வைத்தியர் வந்தார். அப்பாவின் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்தார். இரத்த அழுத்தத்தைத் தானே மறுபடி அளந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "டீச்சர், ஐயா பிரஷருக்குக் குடிக்கிற குளிசையின் பெயர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அனுமதிக்கும்போது நான் சொன்னதெல்லாம், இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது, அடைத்த குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்திருக்கிறார்கள், இரத்தம் உறையாமலிருக்க இரண்டு குளிசை, கொழுப்புக்கு ஒன்று, மூத்திரம் போக ஒன்று, பிரஷருக்கு ஏதோ இருக்கிறது என்பதுதான். மருந்துகளை எழுதித் தரும் கிளினிக் கொப்பி எங்கள் ஊரான களுதாவளையில், சாமி அறை மாடத்தில் இருந்தது. நான் மட்டக்களப்பு கல்லடியிலிருந்து நேரே வாட்டுக்கு வந்தவள். அம்மா அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப வைத்தார். அதில் "பைசோப்ரோலோல்" என்ற பெயரைக் கண்டதும் வைத்தியர் தலையசைத்தார். "இதுதான் நாடியைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த 68ஐ நம்ப முடியாது."

அன்றைக்கு அவர் நின்ற நிலையிலேயே எனக்கு விளங்கப்படுத்தியதை என்னால் முடிந்தவரை இங்கே எழுதுகிறேன். எங்கள் பகுதியில் மாரி முடிந்து வெள்ளம் வடியும் காலத்தில் டெங்கு வருவது புதிதில்லை. வீட்டுக்கொரு இருதய நோயாளி இருப்பதும் புதிதில்லை. இரண்டும் ஒரே ஆளில் சேரும்போது என்ன நடக்கும் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

டெங்கு மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் காய்ச்சல். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விடும்போது, சிலருக்கு இரத்தக் குழாய்களின் சுவர் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குகிறது. இது 24 முதல் 48 மணிநேரம் நீடிக்கும். இதுவே ஆபத்தான கட்டம். அதன் பின் கசிந்த நீர் மீண்டும் குழாய்களுக்குள் திரும்பும். காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லாரும் ஆறுதலடையும் நேரத்தில்தான் உள்ளே கசிவு தொடங்கியிருக்கும்.

கசிவு நடக்கும்போது குழாய்க்குள் இரத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட இருதயம் வேகமாக அடிக்க வேண்டும். ஆகவே மற்றவர்களுக்கு நாடி 100, 120 என்று ஏறி, தாதிமாரை உஷார்ப்படுத்திவிடும். பைசோப்ரோலோல், அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல், கார்வெடிலோல் போன்ற குளிசைகளின் வேலையே இருதயத்தை வேகமாக அடிக்க விடாமல் வைத்திருப்பது. மாரடைப்பு வந்த இருதயத்துக்கு அது நல்லது. ஆனால் டெங்குவின் ஐந்தாம் நாளில் அதே குளிசை அபாய மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது.

வைத்தியர் வேறு இடங்களில் தேடினார். அப்பாவின் இரத்த அழுத்தம் 100க்கு 80. நான் அதை "கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை" என்று வாசித்திருப்பேன். அவர் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலுள்ள 20ஐப் பார்த்தார். அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவாகச் சுருங்கினால், இரத்தச் சுற்றோட்டம் தளர்கிறது என்று பொருள். கால்விரல்கள் குளிர்ந்திருந்தன. நான்கு மணிநேரத்தில் வந்த மூத்திரம் 70 மில்லிலீற்றர். அப்பாவின் எடை 54 கிலோ. மணிக்கு ஒரு கிலோவுக்கு அரை மில்லிலீற்றராவது வர வேண்டும் என்று வைத்தால், 100க்கு மேல் வந்திருக்க வேண்டும். பீசீவி என்று சொல்லும், இரத்தத்தின் தடிப்பைக் காட்டும் அளவு 46. அது கூடியதா குறைந்ததா என்று தெரிய, நோய் வருவதற்கு முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். கிளினிக் கொப்பியில் மூன்று மாதத்துக்கு முந்தைய இரத்தப் பரிசோதனை ஒட்டப்பட்டிருந்தது: 38. 20 வீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. ஸ்கான் இயந்திரத்தைக் கட்டிலடிக்குக் கொண்டுவந்து பார்த்தபோது நுரையீரலைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் தெரிந்தது.

அந்தப் பழைய கொப்பியில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதம் அன்றிரவு எவ்வளவு பெறுமதியானது என்று எனக்குத்தான் தெரியும்.

எப்படி அந்த நிலைக்கு வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா வெற்றிலைத் தோட்டக்காரர். களுதாவளை மணலில் கொடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஒரு நாளும் விட முடியாது. அதற்காகச் சீமெந்துத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார். மூடியில்லாத தொட்டி, மழைநீர் நின்ற சிரட்டைகள், ஓர் உடைந்த வாளி. டெங்கு நுளம்பு பெருக இவ்வளவு போதும். சனிக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. உடம்பு முறிக்கிறது என்று சொல்ல, ஒரு மருந்துக்கடையில் வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. இரண்டு குளிசை போட்ட பிறகுதான் நான் அறிந்தேன்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் இரண்டும் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். இருதயம் பலவீனமானவருக்கு உப்பையும் நீரையும் உடலில் தங்க வைக்கும். மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். அப்பாவுக்கு அவை இரண்டு பக்கத்தாலும் விஷம். காய்ச்சலுக்கும் நோவுக்கும் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் எடைக்கேற்ப வைத்தியர் சொன்ன அளவில். இதை எத்தனை வீட்டில் எத்தனை தரம் சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

இன்னொரு தவறு என்னுடையது. காய்ச்சலின் மூன்றாம் நாள் இரத்தம் பரிசோதித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பொதுவாக ஆரோக்கியமானவருக்கு அது சரியாக இருக்கலாம். இருதய நோய், நீரிழிவு உள்ளவர்கள், முதியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முதல் நாளிலேயே வைத்தியரிடம் போய் இரத்தம் கொடுக்க வேண்டும். இரத்தம் உறைய உதவும் பிளேட்லட் அணுக்களின் எண்ணிக்கை இறங்கும் வரை வீட்டில் காத்திருக்கக் கூடாது. மூன்றாம் நாள் பார்த்தபோது 128,000. நான்காம் நாள் 72,000. அன்று காலைதான் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம், ஆரையம்பதி, காத்தான்குடி தாண்டிக் கல்லடிப் பாலத்தில் ஏறும் வரை அம்மா நிமிடத்துக்கு நிமிடம் எனக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்.

இனி, சேலைன். எங்கள் ஊரில் சேலைன் ஏறினால் நோயாளி தேறிவிட்டார் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. "ஏன் இவ்வளவு மெதுவாக விடுகிறார்கள், கொஞ்சம் கூட்டச் சொல்லு" என்று மாமா என்னிடம் சண்டை பிடித்தார். டெங்குவில் நீர் கொடுப்பது கணக்குப் பார்த்துச் செய்யும் வேலை. எங்கள் நாட்டு வைத்தியர்கள் பின்பற்றும் கணக்கில், 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கசிவுக் கட்டத்தின் 48 மணிநேரம் முழுவதற்கும் சேர்த்து 4,600 மில்லிலீற்றர். எடை அதற்கு மேல் இருந்தாலும் 50 கிலோ என்றே கணக்கிடுகிறார்கள். இதில் சேலைனும் அடங்கும், வாயால் குடிப்பதும் அடங்கும். குறைந்தால் இரத்த ஓட்டம் விழும். கூடினால், கசிந்த நீர் திரும்பி வரும் கட்டத்தில் நுரையீரல் மூழ்கும். நல்ல இருதயம் உள்ளவருக்கே இவ்வளவு கட்டுப்பாடு. அப்பாவின் எக்கோ (இருதய ஸ்கான்) அறிக்கையில் இருதயம் இரத்தத்தைத் தள்ளும் திறன் 35 வீதம். சாதாரணமாக 55க்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே அவருக்குச் சேலைனை மணிக்கு மணி பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். ஒரு தரம் கூட்டினார்கள், அரை மணிநேரத்தில் கையைத் தொட்டு, அழுத்தத்தை அளந்து, மார்பில் காதுகுழாய் வைத்துக் கேட்டுவிட்டுக் குறைத்தார்கள்.

இதற்கிடையில் நடந்த ஒன்றை எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுவேன். பார்வை நேரத்தில் உறவினர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் இளநீர். டெங்குவுக்கு இளநீர் நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். நான் மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்த ஒரு மணிநேரத்தில் அப்பா மூன்று இளநீர் குடித்திருக்கிறார். போத்தலில் கொண்டுவந்த பப்பாளி இலைச் சாறும் அரைக் குவளை. கட்டாரிலிருக்கும் தம்பியின் ஏற்பாடு அது. எதுவும் கட்டிலடித் தாளில் எழுதப்படவில்லை. கிட்டத்தட்ட ஒரு லீற்றர், கணக்கில் இல்லாமல், 35 வீத இருதயத்துக்குள் போய்விட்டது.

தாதி என்னைத் திட்டவில்லை. ஒரு அளவுக் குவளையையும் ஒரு வெற்றுத் தாளையும் தந்து, "டீச்சர், இனி வாய்க்குள் போவதும் வெளியே வருவதும் உங்கள் பொறுப்பு" என்றார். அடுத்த மூன்று நாட்கள் நான் பள்ளிக்கூடத்து வரவுப் பதிவேட்டைப் போல அதை எழுதினேன். காலை 6.10, சோற்றுக் கஞ்சி 150. காலை 7.00, மூத்திரம் 40. இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். லொசார்ட்டன், எனலப்ரில், ஸ்பைரோனோலக்டோன் போன்ற பிரஷர், இருதயக் குளிசைகள் குடிப்பவர்களின் இரத்தத்தில் ஏற்கெனவே பொட்டாசியம் கூடும் வாய்ப்பு உண்டு. அது எல்லை மீறினால் இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். பப்பாளி இலைச் சாறு உயிர் காக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அன்போடு கொண்டுவரும் உறவினர்களிடம் வேண்டாம் என்று சொல்வது கடினம். நான் வாட்டு வாசலில் நின்றே வாங்கி வைத்தேன், தாதிமாருக்குக் கொடுத்தேன்.

வெற்றிலை பற்றியும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கு வாயில் வெற்றிலை இல்லாமல் பொழுது விடியாது. தலையணைக்கு அடியில் ஒரு மடிப்பு வைத்திருந்ததைத் தாதி கண்டெடுத்தார். டெங்குவில் சிவப்பு, கபில நிறப் பானங்களைக் குடிக்க வேண்டாம் என்று சொல்வது, வாந்தியில் இரத்தம் இருந்தால் அது மறைந்துவிடக் கூடாது என்பதற்காக. வெற்றிலைச் சாறும் அப்படித்தான். பல் முரசில் இரத்தம் கசிந்தால் யாருக்குத் தெரியும்? அறுபத்தாறு வயது வெற்றிலைத் தோட்டக்காரர் அந்தக் காரணத்தைக் கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் மடிப்பை என் கையில் தந்தார்.

மிகப் பெரிய குழப்பம் அஸ்பிரினிலும் குளோபிடோக்ரலிலும் இருந்தது. இரண்டும் பிளேட்லட் அணுக்களை ஒட்ட விடாமல் தடுப்பவை. ஐந்தாம் நாள் எண்ணிக்கை 31,000. இருக்கும் அணுக்களும் பல நாட்கள் குடித்த அஸ்பிரினால் வேலைத்திறன் குறைந்தவை. குளிசையை நிறுத்தினாலும் அதன் விளைவு ஏழு முதல் பத்து நாட்கள் இருக்கும். அப்படியானால் உடனே நிறுத்த வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவருக்கு இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அப்பாவுக்கு இரண்டு வருடம் கடந்திருந்ததால் நிறுத்துவது ஓரளவு பாதுகாப்பானது என்று இருதய வைத்திய நிபுணரிடம் கேட்டு முடிவெடுத்தார்கள். ஸ்டென்ட் வைத்த மாதமும் வருடமும் அந்த முடிவுக்கு அடிப்படை. நான் "இரண்டு வருடம் இருக்கும்" என்று சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை, கொப்பியில் திகதியைத் தேடினார்கள். வீட்டில் நீங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து, யாருக்கும் சொல்லாமல் தொடர்வதும் ஆபத்து. லொசார்ட்டனையும் மூத்திரக் குளிசையையும் நிறுத்திவிட்டார்கள். அழுத்தம் விழும் நோயில் அழுத்தத்தை இறக்கும் மருந்து கூடாது.

ஒவ்வொரு காலையும் ஈசிஜி எடுத்தார்கள். டெங்கு வைரஸ் சிலரின் இருதயத் தசையையே வீங்க வைக்கும். ஏற்கெனவே தழும்பேறிய இருதயத்தில் புதிய காயம் எது, பழைய காயம் எது என்று பிரிப்பது கடினம். அங்கேயும் பழைய ஈசிஜி பிரதி உதவியது.

ஏழாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்தார். "படுத்தால் மூச்சு முட்டுகிறது" என்றார். பிளேட்லட் ஏறத் தொடங்கிவிட்டது, பீசீவி இறங்கிவிட்டது, ஆபத்து முடிந்தது என்று அன்று மாலைதான் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். கசிந்த நீரெல்லாம் குழாய்களுக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. பலவீனமான இருதயத்தால் அதைத் தள்ள முடியவில்லை. தலைமாட்டை உயர்த்தி ஒட்சிசன் வைத்தார்கள். நிறுத்தியிருந்த மூத்திர மருந்தை ஊசியாகப் போட்டார்கள். விடியும்போது 900 மில்லிலீற்றர் மூத்திரம் போயிருந்தது; அப்பா தலையணையில் சாய்ந்து தூங்கினார். அந்த மூன்று இளநீரும் இந்த மூச்சுமுட்டலுக்குக் காரணமா என்று வைத்தியரிடம் கேட்டேன். அவர், "அவருடைய இருதயத்துக்கு இது எப்படியும் வரக்கூடியதுதான்" என்றார். என் மனம் இன்னும் ஆறவில்லை.

இருதய நோயாளியைப் பொறுத்தவரை டெங்குவில் இரண்டு இரவுகளுக்கு விழித்திருக்க வேண்டும். ஒன்று காய்ச்சல் விட்ட இரவு. மற்றது நோய் தேறத் தொடங்கிய இரவு. இரண்டாவது இரவைப் பற்றி யாரும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. படுத்தால் மூச்சுத் திணறல், புதிதாக வரும் இருமல், கால் வீக்கம், ஒரே நாளில் ஏறும் எடை, இவற்றில் ஏதாவது கண்டால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

தேறும் காலத்தில் அப்பாவின் நாடி 48 வரை இறங்கியது. டெங்கு தேறும்போது நாடி இறங்குவது பலருக்கும் நடப்பதுதான். ஆகவே பைசோப்ரோலோலை உடனே திரும்பத் தொடங்கவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு மற்ற வைரஸ் நோய்களைப் பற்றியும் தேடி வாசித்தேன். 2020 தொடக்கத்தில் சீனாவில் கொவிட் உறுதியான 44,672 பேரின் விபரம் வெளியானது. மொத்தத்தில் இறந்தவர்கள் 2.3 வீதம், இருதய, இரத்தக் குழாய் நோய் இருந்தவர்களிடையே 10.5 வீதம். 2018இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலிருந்து வெளிவந்த ஆய்வு, இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காகிறது என்று காட்டியது. காய்ச்சல் இருதயத்தின் வேலையைக் கூட்டுகிறது. உடலின் அழற்சி, குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பை வெடிக்கச் செய்து இரத்தம் உறைய வழி செய்கிறது. நுரையீரல் பாதித்தால் ஒட்சிசனும் குறைகிறது. "சும்மா தடிமன் காய்ச்சல்தானே" என்று ஸ்டென்ட் வைத்தவரைப் பற்றி இனி என்னால் சொல்ல முடியாது. இன்புளுவென்சாவுக்கு வருடாந்தத் தடுப்பூசி உண்டு. அடுத்த முறை கிளினிக் போகும்போது உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்று இன்னொரு தவறு நடக்கப் பார்த்தது. அம்மா பழைய குளிசைப் பையை எடுத்து, வழக்கம்போல இரவு குளிசைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டையில், அஸ்பிரின் மறுபடி இரத்தம் பார்த்த பிறகு, லொசார்ட்டன் கிளினிக்கில் அழுத்தம் பார்த்த பிறகு என்று தெளிவாக எழுதியிருந்தது. அம்மாவுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை. நான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு உறையிலும் தமிழில் பெரிய எழுத்தில், எது இன்று முதல், எது எந்தத் திகதி வரை வேண்டாம் என்று எழுதி, வேண்டாதவற்றை வேறு பையில் போட்டுக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

இப்போது கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கங்களும் எக்கோவும் கடைசி ஈசிஜியும் என் கைத்தொலைபேசியிலும் தம்பியின் கைத்தொலைபேசியிலும் இருக்கின்றன. அப்பாவின் சட்டைப் பையில் பொலித்தீன் உறையிட்ட ஒரு சிறு அட்டை இருக்கிறது: குளிசைப் பெயர்கள், அளவுகள், ஸ்டென்ட் வைத்த திகதி, எக்கோ 35 வீதம், வழக்கமான நாடி, வழக்கமான அழுத்தம், வழக்கமான பீசீவி. தோட்டத்துத் தொட்டிகளுக்கு நுளம்பு வலை கட்டியாகிவிட்டது. கிழமைக்கொரு தரம் அப்பாவே தண்ணீரை இறைத்துவிட்டுச் சுவரை உரஞ்சிக் கழுவுகிறார். நுளம்பின் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்குமாம்.

மூன்றாம் கிழமை கிளினிக்குக்குப் போனோம். பிளேட்லட் 210,000, நாடி 76. அஸ்பிரினைத் தொடங்கச் சொன்னார்கள், பைசோப்ரோலோல் பாதிக் குளிசை. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்தவருக்குப் பிறகு வேறொரு வகை வந்தால் இன்னும் கடுமையாகலாம் என்று வைத்தியர் சொன்னார். அப்பா கொப்பியை அவர் பக்கம் நகர்த்தி, "அதை முதல் பக்கத்திலேயே எழுதித் தாருங்கள் டொக்டர்" என்றார். வைத்தியர் சிவப்புப் பேனாவை எடுத்து, டெங்கு வந்த மாதத்தையும் வருடத்தையும் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கோடு போட்டுக் கொடுத்தார்.